மூணாவது பள்ளம்

ஒரு ஊரிலே ஓர் இரும்பு அரக்கன் இருந்தானாம். ஊர் என்றால் கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் ஒரு சந்து, அரக்கன் என்றால் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். எத்தனை குடித்தாலும் அவனுக்கு வயிறு பத்தவில்லையாம், அந்த வயிற்றைப் பெரிதாக்கித் தர மேகலா என்று ஒருத்தி இருந்தாளாம். அப்பேர்ப்பட்ட அரக்கன் போன மார்கழியில் ஒரு மத்தியானம் அவள் வேலை செய்கிற டேனியலின் ஷெட்டில், ஸ்டாண்டின் மேல், அடிவயிறு திறந்து மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு மேகலா உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமலே இருந்தது. இன்ஜினுக்குச் சொந்தக்காரனான ரேஸ்காரன் நந்தகிஷோர் சாயங்காலத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தான். வரட்டும், வந்து அவன் கையாலேயே சுற்றிப் பார்க்கட்டும், சுற்றிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லட்டும், அந்த ஒரு சொல் போதும் எனக்கு, என்று அவள் எண்ணெய்த் துணியால் ஏற்கனவே துடைத்த கிராங்க்கை மறுபடி துடைத்தாள். புதுக் கிராங்க், பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிற வளைதண்டு. பழையதைவிட அதன் கை நீளம். கை நீண்டால் பிஸ்டன் இன்னும் ஆழமாக இறங்கும், இன்னும் உயர ஏறும், அதே சிலிண்டருக்குள் கூடுதல் காற்றும் பெட்ரோலும் போகும், மணலிலும் சேற்றிலும் சக்கரம் புதைகிற இடத்தில் மிதித்த மிதிக்கு இழுத்துக்கொண்டு வெளியே வரும். ஸ்ட்ரோக்கர் என்று அதற்குப் பேர். ஆனால் கை நீண்டவனுக்கு வீச்சும் பெரிதல்லவா, பிஸ்டனை அதோடு பிணைக்கிற ராடின் அடியிலிருக்கிற போல்ட் தலை சுற்றி வரும்போது சிலிண்டரின் கீழ்விளிம்பில் போய் இடிக்கும். அதற்காக பிளாக்கையே கட்டைவிரல் அகலத்துக்கு ராவிப் பள்ளம் எடுக்க வேண்டும், சிலிண்டருக்கு ஒரு பள்ளம். ஒன்று, இரண்டு, நாலு, இந்த மூன்று பள்ளங்களையும் மேகலா கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல எடுத்திருந்தாள். மூணாவதில் மட்டும் ஆழம் பத்தாது. ஒரு தாள் நுழையும், இரண்டு தாள் நுழையாது. கையால் சுற்றினால் இடிக்காது. ஓடிச் சூடேறி, ராடு ஒரு மயிரிழை நீண்டு, மீட்டர் முள் சிவப்பைத் தொடும்போது இடிக்கும். ஒரே ஒரு இடிதான், அப்புறம் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். நல்லாப் பார்க்கட்டும். அவன் கால்மாட்டில்தானே எட்டிப் பார்க்கும்.

மூணாவதுதான் வேண்டும் என்று அவளாகத் தேடவில்லை, அதுவே வந்து கையில் நின்றது. அவள் கூடப்பிறந்த அண்ணனுக்கும் வினை மூணாவதில்தான். அண்ணன் செல்லமுத்து ராடு போல்ட் இறுக்க உட்கார்ந்தால் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொள்வான், கிராம்பு வாயில் இருக்கிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டான், கரண்டு போனாலும், ஆள் வந்தாலும், அப்பா செத்ததற்கு ஃபோன் வந்தபோதுகூட எட்டாவது போல்ட்டை இறுக்கிவிட்டுத்தான் கிராம்பைத் துப்பினான். பேசினால் எந்தப் போல்ட்டில் நின்றோம் என்பது தப்பிப்போகும். அப்படிப்பட்டவனை, சில வருசத்துக்கு முன்னால், பொட்டல்காட்டு ரேஸுக்கு முந்தின சாயங்காலம், மூணாவது சிலிண்டரில் முதல் போல்ட் முடிந்து இரண்டாவதில் ஸ்பேனரை வைத்திருந்த நேரத்தில், கூடாரத்து வாசலில் நின்று நந்தகிஷோர் கூப்பிட்டான். ஏப்பா செல்லமுத்து, ஃபோட்டோ எடுக்கறாங்க, ஒரு நிமிசம் வந்து நில்லு. அண்ணன் கிராம்பைத் துப்பிவிட்டு வர்றேனுங்க என்றான். போய் நின்றான், சிரித்தான், திரும்பி வந்தான், வேறொரு கிராம்பு எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்து அந்த இரண்டாவது போல்ட்டில் ஆரம்பித்தானா, நாலாவது சிலிண்டருக்குப் போய்விட்டானா? அப்போது அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. மறுநாள் மத்தியானம் பொட்டல்காட்டின் அந்தப் பக்கத்தில் கரும்புகை எழும்பி, நந்தகிஷோர் ஒற்றை ஆளாய்க் கை வெந்து இறங்கி வந்து, கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், மூணாவது ராடுல போல்ட்ட இறுக்காம விட்டிருக்கான், என்னைக் கொல்லத்தான் பாத்திருக்கான் என்று சொன்ன பிறகுதான் சந்தேகம் பிறந்தது. பிறந்தது வளர்ந்தது, வளர்ந்து வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள்போலக் குடியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரிக்குள் வெடித்த இன்ஜினை அவன் ஆட்கள் அள்ளிக்கொண்டு போய் உருக்கப் போட்டுவிட்டார்கள், அண்ணனுக்கு அதன் வால்வைக்கூடக் காட்டவில்லை. வால்வையும் பிஸ்டன் தலையையும் பார்த்தால் தப்பு கட்டினவன் மேலா ஓட்டினவன் மேலா என்று தெரிந்திருக்கும். எல்லைமீறிச் சுற்றிய இன்ஜினில் பிஸ்டன் தலையில் வால்வு பல் பதித்தாற்போலப் பிறை பிறையாய்க் குத்தியிருக்கும், நாலிலும் குத்தியிருக்கும், போல்ட் கழன்ற இன்ஜினில் அப்படி இருக்காது. இதை மேகலா பிறகு கற்றுக்கொண்டாள். அண்ணனுக்கு அன்றைக்கே தெரியும், பார்க்கத்தான் விடவில்லை. இப்போது அண்ணன் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஸ்பேனரைத் தொடுவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், திடீரென்று தலையைத் தூக்கி, ஏ அம்மிணி, நான் இறுக்கினேன்தானே? என்பான். இறுக்குனீங்கண்ணா. நீ பாத்தியா? பாத்தேன். பார்க்கவில்லை. அவள் அன்றைக்கு அங்கே இருந்தது நிஜம், கூடாரத்துக்குப் பின்னால் பெட்ரோல் கேன் கழுவிக்கொண்டிருந்ததும் நிஜம், ஆனால் பார்க்கவில்லை. அந்தப் பொய்யை அவள் சொல்லச் சொல்ல அண்ணன் அவள் முகத்தையே பார்ப்பான், அவள் இமைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

ஓடு போட்ட கூரையிலிருந்து வெயில் ஒரு கம்பிபோல இறங்கி மூணாவது சிலிண்டரின் விளிம்பில் நின்றது. பார்க்காதே, என்று வெயிலைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா தெரியவில்லை. ரேஸ் நடக்கப்போகும் ஏரிப்படுகையை அவள் போய்ப் பார்த்ததில்லை, ஆனாலும் அது முழுக்கத் தெரிந்தது. காய்ந்து வெடித்த வண்டல், நடுவில் மணல்திட்டு, திட்டுக்கு அந்தப் பக்கம் நீள நேர்க்கோடு, அங்கேதான் அவன் அழுத்துவான். அழுத்து. அழுத்துடா ராசா. ஸ்டீயரிங்கில் அவன் கையில் அதிர்ச்சி ஏறுவதைப் பார்த்தாள், கண்ணாடி எண்ணெயில் மறைவதைப் பார்த்தாள், கதவு திறக்காமல் அவன் தோளால் இடிப்பதைப் பார்த்தாள், அது அவளுக்கு வெயில்காலத்தில் பானைத் தண்ணீர் குடித்ததுபோலத் தொண்டையெல்லாம் குளிர்ந்து இறங்கியது. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். இந்தத் தொழிலில் கை பார்க்கிறது என்று ஒன்று உண்டு. இன்ஜினின் அடிவயிற்றைச் சம்ப் என்கிற எண்ணெய்த் தட்டால் மூடுவதற்கு முன்னால் வண்டிக்காரன் வந்து தன் கையால் கிராங்க்கைச் சுற்ற வேண்டும், தடங்கல் இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும், அப்புறம் மூடினால் இன்ஜின் அவனுடையது, கட்டியவன் பெயரை எடுக்கக்கூடாது. அண்ணன் கட்டியதையும் அவன் கை பார்த்துத்தான் வாங்கினான், வாங்கியும் பெயரை எடுத்தான். இந்தத் தடவையும் கை பார்ப்பான். பார்த்துவிட்டுத் தன் சாவைத் தானே வாங்கிக்கொண்டு போவான், கோணிப்பையில் போட்டுக் கட்டிக்கொடுக்கிறேன். தீ. கதவு. தோள். அப்புறம் கதவு திறந்துகொள்கிறது, ஏன் திறக்கிறது, அவள் திறக்கச் சொல்லவில்லையே, ஆனால் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் கதவு கடைசியில் திறந்துதான் விடுகிறது, அவன் இறங்கி வருகிறான், வெந்த கையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறக்கிறான். என்ன சொல்வான்? மூணாவதை ஒழுங்காகப் பண்ணாமல் விட்டிருக்காள் என்பான். அது இந்தத் தடவை உண்மையாக இருக்கும். அங்கேதான் அவளுக்குச் சிக்கியது. புடவை முந்தானை ஆணியில் மாட்டினாற்போல, எவ்வளவு இழுத்தாலும் அங்கேயே. அவன் சொன்ன பொய்யை என் கையாலேயே நிஜமாக்கிக் கொடுக்கிறேனே. செல்லமுத்து தங்கச்சி கட்டினதும் அப்படித்தான் என்பார்கள், அந்த வீட்டுக் கையே அப்படி என்பார்கள், அண்ணன் கோழிப்பண்ணையில் தீவனச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்ப்பான். பார்த்து, ஆமாம், என்பான். அப்புறம் அவளிடம் எதையும் கேட்கவே மாட்டான். அது போகட்டும், நந்தகிஷோர் செத்தால் போதும். அண்ணன் கையைப் பார்ப்பான். அவன் செத்தால் போதும். கை. கழற்றி ராவுவதென்றால் ராடு, பிஸ்டன், கிராங்க் எல்லாம் வெளியே வர வேண்டும், இரும்புத்தூள் ஒரு பொட்டு தங்காமல் கழுவ வேண்டும், மறுபடி எட்டுப் போல்ட். யாருக்காக? அவன் ஜெயிப்பதற்காகவா? ஜெயித்து மாலை போட்டுக்கொண்டு ஃபோட்டோவுக்குச் சிரிப்பதற்காகவா? அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், வந்து உட்கார்ந்தாள், எழுந்த இடத்தில்தான் உட்கார்ந்தாள் என்றாலும் அந்த ஸ்டூல் புதிதாக இருந்தது. வாசலில் ஜீப் வந்து நின்றது.

முதலில் இறங்கியவன் நிஜாம். உக்கடத்துப் பையன், இந்த ரேஸில் நந்தகிஷோர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லப்போகிறவன், ஜீப்பும் அவனுடையது. மேகலா ஓட்டிப் பார்த்த தீயில் இப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை. "அக்கா, தண்ணி கெடைக்குமா? வண்டி ஓட்டுனது நானு, பக்கத்துல உக்காந்து வழியெல்லாம் பிரேக் மிதிச்சது அண்ணன். என் ஜீப்புல தரை ஓட்டையாயிருச்சுங்க்கா." பின்னால் வெள்ளைச் சட்டையில் நந்தகிஷோர். உடம்பு கொஞ்சம் பருத்திருந்தான். அன்றைக்குக் கேன் கழுவிய பெண்ணை அவன் பார்த்ததில்லை, இப்போதும் அவளை அவன் பார்க்கவில்லை, இன்ஜினைத்தான் பார்த்தான்.

"டேனியல் இல்லீங்களா?"

"மெட்ராஸ் போயிருக்காருங்க, கேஸ்கெட் எடுக்க."

"அப்ப இதைக் கட்டுனது?"

"நாந்தானுங்க."

"பரவால்லையே," என்று சொல்லி அவன் நீளக் கைப்பிடியை மாட்டிக் கிராங்க்கைச் சுற்றினான். அதுதான், சுற்று, இன்னும் சுற்று. பிஸ்டன்கள் ஏறி இறங்கின, மூணாவது ராடின் போல்ட் தலை விளிம்பை உரசாமல், ஆனால் உரசுகிற ஆசையோடு கடந்து போனது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த ஒரு இடத்தையே பார்த்தாள். "ஆகா. வெண்ணெய்ங்க. தடங்கலே இல்லை. மூடிருங்க, வெள்ளிக்கிழமை லாரி ஏத்தணும்." சொல்லிவிட்டான். இவ்வளவு நாள் எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தாளோ அதைச் சொல்லிவிட்டான், சம்ப்பை எடுத்து மேலே வைக்க வேண்டியதுதான் பாக்கி. கை சம்ப்பை எடுக்கத்தான் போனது. வாய் வேறு எதையோ சொன்னது.

"மூணாவதுல பள்ளம் பத்தலைங்க."

சொன்ன உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பாவி, பாவி, ஏன் சொன்னாய்?

"கையில இடிக்கலையே."

"கையில இடிக்காதுங்க. முள்ளு செவப்புக்குப் போனா இடிக்கும். எல்லாத்தையும் கழட்டி ராவோணும்."

"செவப்புக்கு எங்க போகும், அதுக்குத்தான் கட்டாஃப் வெச்சிருக்குதில்ல."

"கட்டாஃப் பெட்ரோலைத்தானுங்க நிறுத்தும். கியர் மாறி விழுந்தா சக்கரமே இன்ஜினைச் சுத்திப்போடும். அதை எதுவும் நிறுத்தாதுங்க."

நந்தகிஷோர் சிரித்தான். தெரிந்தவன் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "எனக்கே சொல்லித் தர்றீங்களா? அதை அனுபவிச்சவனுங்க நான். அஞ்சுல இருந்து நாலுக்குப் போடறேன், குழியில வண்டி குதிக்குது, ரெண்டுல போய் விழுந்துருச்சு. முள்ளு அந்தக் கோடி வரைக்கும் போய் ஒட்டிட்டு நிக்குது. கத்துச்சு பாருங்க ஒரு கத்து, பன்னியை அறுக்கற மாதிரி. கிளட்ச்சை மிதிக்கறதுக்குள்ள காலுக்குக் கீழ தீ." முழங்கைவரை சட்டையை மடித்துச் சுருங்கிய தோலைக் காட்டினான். "இதெல்லாம் எனக்கு மெடலு."

மேகலாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. அடைத்த காதுக்குள் பன்னி கத்தியது. குழி. ரெண்டு. முள். அண்ணன் கிராம்பைத் துப்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து அதே போல்ட்டில் ஸ்பேனரை வைத்தான், வைத்தான், வைத்துத்தான் இருக்கிறான். ஓடிப்போய் அவன் கழுத்தில் அந்தக் கைப்பிடியாலேயே போடலாம். பேசியது நிஜாம்தான், டம்ளரைக் கையில் பிடித்தபடி.

"எந்த ரேஸ்லீங்கண்ணா அது?"

"பொட்டல்காட்டுலதான்டா. நான் வெந்தது ஒரே தடவைதானே."

"அது போல்ட்டு இறுக்காத கேசுன்னுதானுங்க ஊர்பூராப் பேச்சு." நிஜாம் மெதுவாகச் சொன்னான். "நீங்கதான சொன்னீங்க. எனக்கே ரெண்டு மூணு வாட்டி சொல்லியிருக்கறீங்க."

நந்தகிஷோர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். "போல்ட்டும் லூசாத்தான் இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா, இருந்துச்சுங்களா?"

"டேய், பணம் போட்டவனெல்லாம் நிக்கிறான். அவன் முன்னாடி கியர் தப்பவிட்டேன்னு சொல்லச் சொல்றியா? நீயா இருந்தா சொல்லுவியா? அந்த ஆளு ஒரு மெக்கானிக்கு, இங்க இல்லாட்டி இன்னொரு ஷெட்டு. எனக்கு இந்த ரேஸ் ஒண்ணுதான்."

நிஜாம் டம்ளரை வைத்தான். "நான் வரலைங்கண்ணா. பக்கத்து சீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க."

"ஏன்டா, இன்ஜினுக்குப் பயந்துட்டியா? அதான் ராவித் தர்றேங்கறாங்கள்ல."

"இன்ஜினுக்கு இல்லீங்க. நாளைக்கு வண்டி கவுந்தா வழி தப்பாச் சொன்னான் நிஜாமுன்னு சொல்லுவீங்க. எனக்கும் வீட்ல நாலு பேர் இருக்கறாங்க." அவன் வெளியே போனான்.

அப்போதுதான் நந்தகிஷோர் மேகலாவின் முகத்தைப் பார்த்தான். முதல் தடவையாக, எதையோ தேடுகிறவன்போல. "நீங்க எந்த ஊருங்க? யாரு நீங்க?"

"செல்லமுத்து தங்கச்சிங்க." குரல் தணிந்துதான் வந்தது, அவளுக்கு எப்போதும் அப்படித்தான் வரும். "மூணாவதை வேணும்னேதான் அப்படி விட்டனுங்க. நீங்க ஏரியில அழுத்தறப்ப வெடிக்கோணும்னு. இப்பக் கேட்டீங்கன்னா கழட்டி, ராவி, மத்த மூணு மாதிரியே பண்ணித் தர்றேன். சத்தியமாப் பண்ணித் தர்றேன். நீங்க வந்து கை பாருங்க. இப்பச் சுத்துன மாதிரியேதான் அப்பவும் சுத்தும். நான் ராவுனனா இல்லையான்னு உங்க கைக்குத் தெரியாதுங்க."

அவன் ஏதாவது சொல்வான் என்று நின்றாள். திட்டுவான், போலீஸ் என்பான், டேனியலுக்கு ஃபோன் போடுவான். அவன் கைப்பிடியை மறுபடி பிடித்தான். மெதுவாகச் சுற்றினான், குனிந்து காதை பிளாக்கில் வைத்து. மூணாவது வந்தது, போனது. நிறுத்தினான். எதிர்ப்பக்கமாகச் சுற்றினான். "போல்ட்டு..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டான். அவள் எண்ணெய்த் துணியை மடித்து வைத்தாள். கழற்றி வேறு ஷெட்டில் காட்டலாம்தான், காட்டட்டும், அங்கே இருப்பவன் கையை எப்படி நம்புவான், எட்டு போல்ட்டையும் இவனே இறுக்கினாலும் இவன் கையை இவன் எப்படி நம்புவான். இத்தனை வருசம் எங்கள் வீட்டில் சோறு தின்ற சந்தேகம் இனி உன் வீட்டுக்கு வரட்டும், பாய் விரித்து உட்கார வை. அவன் நெற்றியில் வேர்வை புருவத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வயிறு நிறையவில்லை, அவள் கேட்டது இதைவிடப் பெரிய தீ. ஆனாலும் பார்த்தாள். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நிஜாம் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான், செல்லமுத்து தங்கச்சி என்று அவள் சொன்னது வாசலைத் தாண்டும்போதே அவன் காதில் விழுந்திருந்தது. "ஏறுங்க்கா. உங்கண்ணன் எங்க இருக்கறாரு?"

"அன்னூர்ப் பக்கம், கோழிப்பண்ணையில."

"போலாம். நீங்க சொன்னா தங்கச்சி ஆறுதலுக்குச் சொல்றான்னு நெனைப்பாரு. நான் யாரு, எங்கயோ உக்கடத்துக்காரன். கேட்டது என் காது, நானே சொல்றேன். டீக்கடையிலயும் நாந்தான் சொல்லுவேன், அது வேற கணக்கு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். இமைக்காமல் சொல்லிப் பழகிய கண்ணுக்கு இனி என்ன வேலை என்று தோன்றியது. அண்ணன் நம்புவானா? நம்பினாலும், அப்ப நான் இத்தனை நாள் எதுக்கு அம்மிணி இப்படிக் கெடந்தேன் என்று கேட்டால்? கேட்கட்டும். கேள்வியாவது மாறட்டும். நிஜாம் சாவியில் கை வைத்தான்.

"இருங்க, தம்பி."

"எதுக்குங்க்கா?"

"அந்தாளு வரட்டும்."

ஷெட்டுக்குள் கைப்பிடியின் கடகடப்பு கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஒரு தடவை வெகுநேரம் நின்றது. முடிந்தது என்று நினைத்தார்கள், திரும்பவும் சுற்றினான். சந்துக்குள் ஃபவுண்டரிகளில் ஷிப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளில் போனார்கள், அவர்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் அவன் வெளியே வந்தான். கையெல்லாம் எண்ணெய், வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருப்பது அவனுக்கே தெரியவில்லை. ஜீப்பைப் பார்த்தான், உள்ளே இருந்த இருவரையும் பார்த்தான். வந்தது இந்த ஜீப்பில்தான். நிஜாம் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகலா நந்தகிஷோரைத்தான் பார்த்தாள், இமைத்தாள், இமைத்துப் பார்த்தாள். அவன் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான், அதில் எண்ணெய் இருப்பதைக் கண்டு இறக்கிக்கொண்டான், பிறகு சைக்கிள்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி மெயின் ரோட்டைப் பார்த்து நடந்து போனான்.